சக்கை மரத்தின் பேரில் வந்த கூரை

கூரை மழையைத் தடுக்கிறது என்று உலகம் முழுக்க ஒரு நம்பிக்கை இருக்கிறது. படித்தவர், படிக்காதவர், வீடு கட்டித்தரும் இன்ஜினியர், எல்லோருக்கும் இருக்கிறது. மிகுந்த வருத்தத்தோடு சொல்கிறேன், அது பிழை. எந்தக் கூரையும் எந்த மழையையும் தடுத்ததில்லை. உங்கள் தலையில் விழ இருந்த தண்ணீரை வேறோர் இடத்தில் விழ வைக்கிறது, அவ்வளவுதான். அந்த வேறோர் இடம் எது என்று யாரும் கேட்பதில்லை.

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். படியருகே இருக்கிற சிவப்பு வாளியைக் காலால் தட்டிவிடாதீர்கள். இல்லை, அது மணல் இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன். மணமா? அது சக்கை. திருநெல்வேலிக்காரர் நீங்கள் பலாப்பழம் என்பீர்கள். இங்கே குமரி மாவட்டத்தில், அதுவும் குலசேகரம் பக்கம் வந்து பலா என்று சொன்னால் சிரிக்கமாட்டார்கள், ஆனால் உங்களை விருந்தாளி என்று முடிவு செய்துவிடுவார்கள். தண்ணீரை வெள்ளம் என்பார்கள். வீட்டுக்குள் வெள்ளம் வருகிறது என்று யாராவது ஓடிவந்தால் படகு தேடாதீர்கள். கூரை ஒழுகுகிறது என்று அர்த்தம்.

டீலர் அனுப்பினார் என்றீர்கள். "லைப்ரரி சார் வீட்டைப் போய்ப் பாருங்க, முழுக் கூரையையும் கம்பெனி சும்மா மாத்திக் குடுத்திருக்கு" என்றுதானே சொன்னார்? உங்களுக்கு முன்னால் வந்தவர்களிடமும் அதைத்தான் சொல்லியிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. மாற்றித்தான் கொடுத்தார்கள். சும்மாதான் கொடுத்தார்கள். மூலைமனையில் வீடு கட்டப்போகிற நீங்கள் கூரைக்கு இதைப் போடலாமா, வேண்டாமா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதற்குத்தான் வருகிறேன்.

நான் கல்லூரியில் நூலகராக இருந்தேன். நூலகர் என்றால் எல்லாப் புத்தகத்தையும் வாசித்தவர் என்று இன்னொரு நம்பிக்கை இருக்கிறது. அதுவும் பிழை. பெரும்பாலான நூலகர்கள் புத்தகத்தின் முதுகை மட்டும் வாசிக்கிறவர்கள். நான் அப்படி இல்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற தாளைக்கூட விடமாட்டேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. கிறிஸ்துராஜ் ஏன் நான் சொன்னதைக் கேட்டார் என்று உங்களுக்கு விளங்க வேண்டும், அதற்குச் சொல்கிறேன்.

கிறிஸ்துராஜ் பக்கத்து வீடு. அதோ, நீல ஷீட் போட்டிருக்கிற வீடு. அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் வீடு கட்டினோம், ஒரே கொத்தனார், ஒரே தச்சன். சாய்வாகக் கான்கிரீட் போட்டாயிற்று, மேலே என்ன பதிப்பது என்று பேச்சு வந்தது. அவருக்கு ஓடுதான் ஆசை.

"ஓடு போரும் சாரே. கொரங்கு சாடினா ரெண்டு உடையும். ரெண்டு மாத்திப் போடலாம். அதுக்கு எதுக்கு மண்டைய உடைக்கணும்?" என்றார்.

நான்தான் ஷிங்கிள்ஸ் பற்றி எடுத்துச் சொன்னேன். உங்கள் கையில் டீலர் கொடுத்த தாள் இருக்கிறதல்லவா, அதில் படத்தை மட்டும் போட்டிருப்பார்கள், பொருளைச் சொல்லியிருக்கமாட்டார்கள். கண்ணாடி இழையில் செய்த பாய், அதன்மேல் தார்ப்பூச்சு, அதற்கும் மேலே நிறம் ஏற்றிய கல் துருவல். அந்த அட்டைகளை மீன் செதில் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிப் பதிப்பார்கள். கல் துருவல்தான் உயிர். அது இருக்கும்வரை வெயில் தாரைத் தொடாது. அது உதிர்ந்தால் தார் வெடிக்கும், அட்டை அப்பளம் போலச் சுருளும், கான்கிரீட் வெள்ளம் குடிக்கத் தொடங்கும். பனி பெய்யும் தேசங்களில் இதுதான் கூரை என்று நான் கிறிஸ்துராஜிடம் ஒரு மாலை முழுக்க விளக்கினேன். நிறத்துக்கு 'இலையுதிர் காலம்' என்று பெயர் போட்டிருந்தார்கள். நம் மாவட்டத்தில் அப்படி ஒரு காலம் கிடையாது என்பதையும் சுட்டிக்காட்டினேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் தன் மனைவியைப் பார்த்து, "சார் வாசிச்சவரு பிள்ளே. சார் போடுகதையே நாமும் போடுவோம்" என்றார். ரத்தினபாய் என்று பெயர் அவளுக்கு. ஓட்டின் மேல் மிளகாய் உலர்த்தலாம், இதன்மேல் உலர்த்தினால் தார் மணக்குமே என்று மட்டும் கேட்டாள். நல்ல கேள்வி. அதற்குக் கம்பெனி கொடுத்த கையேட்டில் பதில் இல்லை.

இரண்டு வீட்டுக்கும் நடுவில், அவர் மனையில், எல்லையை ஒட்டி ஒரு சக்கை மரம் நின்றது. அந்த அடிக்கட்டை தெரிகிறதா? அதுதான். வருக்கைச் சக்கை. சக்கையில் கூழன், வருக்கை என்று இரண்டு உண்டு. கூழன் குழைந்து தொண்டையில் வழுக்கிப் போகும், வருக்கை கடித்தால் முறியும். இந்த மரம் தேன் வருக்கை. ஒரு கிளை எங்கள் கூரைக்கு மேலே நீண்டிருந்தது. முதல் சக்கை பழுத்ததும் கிறிஸ்துராஜ் அதை நட்டநடுவே பிளந்து பாதியை எங்களுக்குக் கொடுத்தனுப்புவார். கிளை சாருக்க வீட்டிலே நிக்குது, அப்பம் சக்கையும் பாதி சாருக்குத்தான் என்பார். சட்டப்படி அது சரியில்லை. மரம் எங்கே முளைத்ததோ அந்த மனைக்காரருக்குத்தான் காய். நான் ஒருமுறை அதை எடுத்துச் சொன்னேன். "அப்பம் சட்டம் சுளை எடுக்கட்டு, நாம தின்னுவோம்" என்றார்.

போன வருடம் இடவப்பாதியில் ஆரம்பித்தது. இடவப்பாதி என்றால் ஜூன் மாத மழை. முதலில் மழைநீர்க் குழாயின் வாயில் கொஞ்சம் சிவப்புத் துகள், அட்டையிலிருந்து உதிர்ந்த கல் துருவல். பிறகு கைப்பிடி கைப்பிடியாக. ஓரங்கள் சுருண்டன. மாடியில் என் புத்தக அறையில், உட்கூரையில் ஒரு கறை வந்தது. ஒரு வாரம் இலங்கை மாதிரி இருந்தது. அடுத்த வாரம் ஆஸ்திரேலியா ஆயிற்று. அதற்கு நேர் கீழே என் அகராதி அலமாரி. நான் சேர்த்த சேகரிப்பு தம்பி, அதில் சிலது இனி அச்சுக்கே வராது. ஒரு நாள் ஒரு தொகுதியை எடுத்தேன், தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒரு கட்டியாக வந்தது. மனிதனுக்குப் பதற்றம் வருமா, வராதா? வரும்.

மோசமான கூரை வாய்த்த வீட்டுக்காரருக்கு நான்கு வழிகள் இருக்கின்றன. வாசித்துத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வழி, ஒட்டுப் போடுவது. கிறிஸ்துராஜ் அதைச் செய்துபார்த்தார். அவர் வீட்டிலும் இதே கதைதான், அவர்கள் கட்டிலுக்கு மேலேயே சொட்டியது. தார் வாங்கி, ஏணி வைத்து ஏறி, இரண்டு வீட்டுக்கும் அவரே பூசினார். எனக்கு ஏணி என்றால் தலை சுற்றும். அடுத்த மழைக்குத் தார் துகளையும் கூட்டிக்கொண்டு கீழே வந்தது. இரண்டாவது வழி, மேலே கம்பி வளைத்து ஷீட் போடுவது. நிற்கும். ஆனால் மழை பெய்தால் வீட்டுக்குள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. மூன்றாவது வழி, கம்பெனி கொடுத்த உத்தரவாதம். நான்காவது வழி இருக்கிறது, அதற்கும் வருகிறேன்.

நான்காவதை முதலில் சொன்னவர் கிறிஸ்துராஜ்தான். ஒரு நாள் காலையில் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்.

"சாரே, ரெண்டு வீடு, ஒரே சாமானம், ஒரே தீனம். நாம ரெண்டுபேருமா நாகர்கோவிலுக்குப் போயி நுகர்வோர் கோர்ட்டில ஒரு கேசு குடுப்போம். நீங்க எழுதுங்க, நான் ஒப்பு இடுகேன். கோர்ட்டு வாசல் எனக்குப் பழக்கம் சாரே, எத்தன ஆக்சிடென்டு கேசுக்குப் போயி நிண்ணிருக்கேன்!"

தீனம் என்றால் நோய். கம்பெனி ஆள் வந்து பார்க்கட்டும், பிறகு முடிவு செய்வோம் என்றேன். அவசரப்படக் கூடாது என்பது நல்ல புத்திமதிதானே?

கம்பெனி ஆள் வந்தார். ஷிபு என்று பெயர், கொச்சியிலிருந்து வந்த பையன், நல்ல மரியாதை. அன்று கிறிஸ்துராஜ் ஊரில் இல்லை, மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம். அந்த நாளை நான் வேண்டுமென்று தேர்ந்தெடுத்ததாக என் மனைவி லில்லிபுஷ்பம் நினைக்கிறாள். அது பிழை. ஷிபு போனில் இரண்டு தேதிகள் சொன்னார். அதில் எனக்கு வசதியானதைச் சொன்னேன்.

ஷிபு கூரையில் ஏறினார். இறங்கும்போது கையில் நாலைந்து சக்கை இலை வைத்திருந்தார். காய்ந்து, கருத்து, தோல் மாதிரி ஆன இலை.

"இதாணு சார் பிரச்சினை," என்றார். "இலை விழுந்து அழுகினா ஈரம் நிக்கும். ஈரம் நிண்ணா துகள் இளகிப் போகும். கையேட்டில் தெளிவா போட்டிருக்கு, மரத்துக்கு அடியில இருக்கிற கூரைக்கு உத்தரவாதம் இல்லை."

அதை நானும் வாசித்திருந்தேன். இன்ன பக்கம், இன்ன பத்தி என்றேன். அவருக்கு என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு விஷயம் சொன்னார். மரம் சொந்த மனையில் நின்றால் அது வீட்டுக்காரரின் கவனக்குறைவு, கம்பெனி ஒன்றும் செய்யாது. அடுத்தவர் மரமாக இருந்தால் வீட்டுக்காரர் பாதிக்கப்பட்டவர் ஆகிறார். அந்த மரத்தை அகற்றியாயிற்று என்றால் சிறப்புக் கரிசனம் என்று ஒன்று இருக்கிறதாம். முழுக் கூரையும் புதிதாக. கூலியும் கம்பெனியுடையதே.

பிறகு அவர் என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி. "உங்க கூரையில இலை விழுமா சார்?" விழும் என்றேன். உண்மை. "இலை விழாத இடத்திலயும் இதுபோல கேடு பாத்திருக்கீங்களா?" நான் யோசித்தேன். யோசித்துவிட்டு, "நான் பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறியதில்லை" என்றேன். அதுவும் உண்மைதான். ஏணி எனக்கு ஆகாது என்று இப்போதுதானே சொன்னேன். என் புத்தக அறை ஜன்னலில் நின்றால் கிறிஸ்துராஜ் வீட்டின் தெற்குச் சரிவு முழுக்கத் தெரியும், அந்தப் பக்கம் மரமும் இல்லை, இலையும் இல்லை, அங்கேயும் அட்டை சுருண்டு கிடந்தது. ஆனால் ஷிபு ஜன்னலைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது நூலகரின் வேலை இல்லை.

தேநீர் கொண்டுவந்த லில்லி இந்த இடத்தில் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை ஒரு சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது.

கல்யாணத்திலிருந்து வந்த கிறிஸ்துராஜிடம் ஷிபு சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மேற்கோள் காட்டுவதில் நான் எப்போதும் கவனமானவன். கல்யாண வேட்டியோடு நின்றபடியே மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அப்பம் எனக்க மரந்தானா சாரே ரெண்டு வீட்டையும் நாசமாக்கினது?"

"கம்பெனி அப்படித்தான் சொல்கிறது" என்றேன்.

"கம்பெனி கெடக்கட்டு. நீங்க என்ன சொல்லுதிய?"

இப்போது நீங்களே சொல்லுங்கள். நான் தாவரவியல் படித்தவனா? தார் படித்தவனா? என் கருத்துக்கு அங்கே என்ன மதிப்பு? "கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது" என்றேன். இருக்கிறதே!

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஓட்டின கை, உள்ளங்கை பலகை மாதிரி இருக்கும்.

"மன்னிச்சிருங்க சாரே. உங்க புஸ்தகமெல்லாம் எனக்க மரத்தால இல்லியா நனஞ்சு போச்சு. நீங்க ஒரு வார்த்த சொல்லாம இருந்திட்டிய பாருங்க, அதுதான் எனக்குத் தாங்க முடியல்ல."

பரவாயில்லை என்றேன். வேறு என்ன சொல்வது? ஒருவர் மன்னிப்புக் கேட்டால் மன்னிப்பதுதான் பண்பு. ஞாயிற்றுக்கிழமை தோறும் சபையில் அதைத்தானே சொல்லித்தருகிறார்கள்.

வெட்டு என்று நான் சொல்லவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வெட்டு என்ற சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை. கிளையை மட்டும் கழித்தால் போதாதா என்று அவரே ஷிபுவுக்குப் போன் போட்டுக் கேட்டார். போதாது என்று ஷிபு சொல்லிவிட்டார். வெட்டின அன்று மதிலுக்கு அந்தப் பக்கம் புருஷனும் மனைவியும் பேசியது எங்கள் அடுக்களை வரைக்கும் கேட்டது.

"காய்க்குத மரத்தை வெட்டப்பிடாது. ஊரில யாராவது செய்வினுமா?"

"சாருக்க புஸ்தகம் நனையுது பிள்ளே."

"நமக்க கட்டிலு நனையல்லியா?"

"நமக்கு நம்ம மரம். சாருக்கு என்ன தலவிதி?"

தை மாதம் அது. மரம் முழுக்க இடிச்சக்கை, அதாவது முற்றாத பிஞ்சு. கிளை விழ விழ அவை தரையில் உருண்டன. ரத்தினபாய் ஒரு கூடையில் பொறுக்கித் தெரு முழுக்கக் கொடுத்தாள், எங்களுக்கும் கொடுத்தாள். லில்லி அதைத் துவரன் வைத்தாள், துவரன் என்றால் பொரியல். அவள் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றாள். நான் சாப்பிட்டேன். இடிச்சக்கைத் துவரனுக்குத் தேங்காய் அதிகம் சேர்க்க வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வேன். அன்று சரியாகத்தான் இருந்தது.

மரத்தைத் தடிக்கடைக்காரர் எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக ஷீட்டும் கம்பியும் கொடுத்தார். சக்கைத் தடிக்கு எப்போதும் கிராக்கி உண்டு. அதனால் கிறிஸ்துராஜுக்கு நஷ்டம் என்று சொல்ல முடியாது. அவர் வீட்டின்மேல் இப்போது இருப்பது ஒரு விதத்தில் அந்த மரமேதான். இப்படி நான் லில்லியிடம் சொன்னபோது அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஷீட் போடுவதற்கு முன் பழைய அட்டைகளை எல்லாம் பெயர்த்துக் கீழே போட்டார்கள். அன்றைக்குத்தான் ஒரு சின்ன நெருக்கடி வந்தது. கிறிஸ்துராஜ் ஒரு அட்டையைத் தூக்கிக்கொண்டு மதிலருகே வந்தார்.

"சாரே, இது தெக்குப் பக்கத்தில கெடந்தது. அங்க எல விழாதே. இதும் எப்பிடி இப்பிடிப் பொரிஞ்சு போச்சு?"

நான் விளக்கினேன். மரம் வேரில் உறிஞ்சுகிற நீரை இலை வழியாக ஆவியாக வெளியே விடுகிறது. அந்த ஈரப்பதம் எல்லாத் திசையிலும் பரவும். பெரிய மரத்தின் ஈரம் இரண்டு வீடு தாண்டியும் போகும். தாவரம் நீராவி விடுவது உண்மை, தம்பி. பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அது தார் அட்டையைப் பொரிய வைக்குமா என்பது ஆய்வுக்குரிய விஷயம். இல்லை என்று யாரும் நிரூபித்ததாக நான் வாசிக்கவில்லை.

கிறிஸ்துராஜ் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மரம் மூச்சு விடுமெண்ணு எனக்குத் தெரியாம போச்சே சாரே" என்றார். அந்த அட்டைகளை எல்லாம் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஒன்றை மட்டும் கோழிக்கூட்டின் மேல் வைத்திருக்கிறார்.

எனக்குப் புதுக் கூரை வந்தது. அதே கம்பெனி, அதே நிறம். கறை காய்ந்து வெள்ளையடித்தாயிற்று. அகராதிகள் அலமாரிக்குத் திரும்பின. கம்பெனி ஒரு பலகாரப் பெட்டி அனுப்பியது. டீலர் வந்து கூரையைப் படம் எடுத்துக்கொண்டு போனார். அன்றிலிருந்துதான் உங்களைப் போன்றவர்களை இங்கே அனுப்பிவைக்கிறார். நான் யாரிடமும் போடுங்கள் என்று சொன்னதில்லை. போடாதீர்கள் என்றும் சொன்னதில்லை. இன்ன புத்தகம் இன்ன அலமாரியில் இருக்கிறது என்று சொல்வோம், வாங்கலாமா என்று கேட்டால் நூலகர் சிரித்துக்கொண்டு நிற்பார்.

நான்காவது வழியா? அது இப்போது இல்லை. இரண்டு பேராகப் போனால்தான் அந்த வழி. ஒரே சரக்கு, இரண்டு வீடு, ஒன்றின்மேல் இலை விழுகிறது, இன்னொன்றில் இலை விழாத சரிவும் இருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் எந்தக் கோர்ட்டும் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்ளும். ஒரு வீட்டின் அட்டை வண்டியேறிப் போய்விட்டது. இன்னொரு வீட்டுக்காரர் புதுக் கூரையைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். இனி யார் போய் என்ன காட்டுவது? நான் இதை ஒரு சட்டநிலை என்ற அளவில்தான் சொல்கிறேன்.

வாளியைத்தானே பார்க்கிறீர்கள்? சொல்கிறேன்.

இந்த வருடம் இடவப்பாதி கொஞ்சம் முந்திப் பிடித்தது. மழை விட்ட மறுநாள் காலையில் முற்றத்துக்கு வந்தேன். மழைநீர்க் குழாயின் வாயில் சிவப்புத் துகள். கைப்பிடி கைப்பிடியாக. மேலே பார்த்தேன். வானம் இருந்தது. இலை என்று சொல்ல ஒன்றுகூட இல்லை, இலை விழ ஒரு மரமும் இல்லை.

கிறிஸ்துராஜ் விடியற்காலையில் பால் சொசைட்டிக்குப் போவார். எங்கள் முற்றத்தைக் கடந்துதான் போவார், குறுக்கு வழி. அவர் கண்ணில் பட்டால் தேவையில்லாமல் வருத்தப்படுவார் என்று நான் துடைப்பத்தை எடுத்து முற்றத்தைத் தூத்தேன். தூப்பது என்றால் பெருக்குவது. மழை பெய்த ஒவ்வொரு இரவுக்கும் மறுநாள் காலையில் தூத்து, அள்ளி, வாழைமூட்டில் கொட்டிவந்தேன். அவருடைய மனநிம்மதிக்காகத்தான். மரம் போன துக்கம் ஆறிவரும் மனிதரிடம் போய், மரம் குற்றமற்றது என்று சொல்வது என்ன மனிதாபிமானம்?

ஆனால் எங்கள் ஊரில் ஆம்பிளை முற்றம் தூத்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. மூன்றாம் நாளே கிறிஸ்துராஜ் பால் பாத்திரத்தோடு நின்றுவிட்டார்.

"சாரே, லில்லி அக்காவுக்கு என்னமாம் செய்யுதா?"

"முட்டுவலி" என்றேன். முழங்கால் வலி. லில்லிக்கு இந்த வயதில் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், இல்லாமல் இருக்காது.

"சொல்லப்பிடாதா! நீங்க எப்பவும் இப்பிடித்தான், ஒண்ணையும் வாய் தொறந்து சொல்லமாட்டிய" என்று தலையை ஆட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் ஒரு குப்பி தைலம் வந்தது. அதை லில்லியிடம் எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் அகராதிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

நேற்று ரத்தினபாய் வந்தாள். கையில் வாழையிலையால் மூடிய பாதிச் சக்கை. கிறிஸ்துராஜ் மார்த்தாண்டம் சந்தைக்குப் போய் விலைக்கு வாங்கி, வழக்கம்போல் நடுவே பிளந்து, பாதியைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். "வருசா வருசம் குடுக்கது. மரம் இல்லேண்ணு நிப்பாட்ட முடியுமா எண்ணு கேக்கேரு" என்றாள். கூழனா வருக்கையா என்று நான் கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "கூழன்தான் கிடச்சுது சாரே" என்றாள்.

அந்த நேரம் பார்த்து லில்லி ஸ்டூலின் மேல் ஏறி நின்று ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தாள்.

ரத்தினபாய் ஸ்டூலைப் பார்த்தாள். "அக்கா, முட்டுவலியை வச்சிட்டு அங்க ஏறி என்ன செய்யுதிய?"

லில்லி மேலே நின்றபடி என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. பிறகு, "இப்பம் கொஞ்சம் கொள்ளாம்", அதாவது தேவலை, என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்து மெதுவாக இறங்கினாள். நொண்டவும் செய்தாள். நாற்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தும் அவளுக்கு நடிக்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. சக்கையை இன்னும் சுளை எடுக்கவில்லை. அந்த மணம்தான் உங்களுக்கு வருவது.

ரத்தினபாய் போகும்போது வாசலில் நின்று சொன்னாள். "நாளையில இருந்து முற்றம் நான் வந்து தூத்துத் தாறேன் சாரே. ஆம்பிள தூத்தா பாக்கதுக்குக் கொள்ளாது. வாசிச்ச கை வேற." வேண்டாம் என்றேன். வேண்டவே வேண்டாம் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவளுக்கு முன்னால் எழுந்துவிட வேண்டும் என்றுதான் படுத்தேன். ராத்திரி நல்ல மழை.

இன்று காலை நான் கதவைத் திறந்தபோது முற்றம் சுத்தமாக இருந்தது. குழாயடியில் ஒரு துகள் இல்லை. சிவப்புத் துகள் எல்லாவற்றையும் ரத்தினபாய் தூத்துக் கூட்டி, வாளியில் அள்ளி, அந்தப் படியருகே வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வாளி அவர்களுடையது.